குளம் வத்துனதுனாலயா மீனுக்குக் கால் வந்திச்சு?

வேளிமலை (இரவு 8:10)
நேத்து நாகர்கோவில்ல ஒரு அறிவியல் கூட்டம். பேசினவர் பேரைச் சொல்லப் போறதில்ல. "டெவோனியன் காலத்துல (சுமார் 42 கோடியில இருந்து 36 கோடி வருசத்துக்கு முன்ன) குளமெல்லாம் வத்துச்சு, மீனு அடுத்த குளத்தத் தேடி நடந்துச்சு, அதனாலதான் கால் வந்துச்சு"ன்னு அடிச்சு விட்டாரு. எல்லாரும் கை தட்டுறாங்க. கேட்டுக்கிட்டு இருக்கவே முடியல. தொல்லுயிர் ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரோமர் பரப்பின பழைய கதை இது. 1987-ல ஜென்னி கிளாக்ங்கிற ஆய்வாளர் கிரீன்லாந்துல இருந்து அகாந்தோஸ்டெகாங்கிற ஆதி நாலுகால் பிராணியோட எலும்புகளைக் கொண்டுவந்த பிறகும் இதையேவா சொல்லுவீங்க? சுமார் 36 கோடி 50 லட்சம் வருசத்துக்கு முந்தின பிராணி. முன்காலில் எட்டு விரல். ஆனா செவுள் உண்டு, வாலில் மீனுக்கு இருக்கிற மாதிரி துடுப்பு உண்டு, அந்தக் கால் உடம்பைத் தூக்கி நடக்கத் தாங்காது. கரைக்கு வரும் முன்னயே, தண்ணிக்குள்ளயே கால் வந்தாச்சு.

தோவாளைக்காரன் (8:31)
முன்வரிசையில இருந்து கை தட்டினவன் நான்தான் தம்பி. அதுல உமக்கு என்ன சங்கடம்? சித்திரையில குளம் வத்தும்போது விராலும் பனையேறிக் கெண்டையும் படுற பாட்டை நீரு கண்டிருக்கீரா? முதல் மழைக்கு பனையேறிக் கெண்டை செவுள்மூடியை ஊன்றி ஊன்றி வரப்புல ஏறும். தரங்கம்பாடியில ஒரு டேனிஷ் அதிகாரி அதைப் பனைமரத்துல பிடிச்சதா எழுதி, 1797-ல அச்சாகியே இருக்கு. குளம் வத்தாம எந்த மீனு வெளிய வரும்?

வேளிமலை (8:36)
நல்லதாப் போச்சு. பனையேறிக் கெண்டைக்குக் கால் எங்க அண்ணாச்சி? காத்தை எடுக்கத் தலைக்குள்ள தனி உறுப்பு, ஊன்றிப் போக செவுள்மூடியில முள்ளு, அவ்வளவுதான். கால் இல்லாமலே அது வரப்பு தாண்டுது. அப்போ குளம் வத்துறதுக்கும் கால் முளைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? உங்க கட்சியை நீங்களே தோற்கடிச்சிட்டீங்க. எட்டு விரலுக்குப் பதில் சொல்லுங்க.

மணக்குடிப்பொழி (8:52)
ரெண்டு பேரும் குளத்தை விட்டு வெளிய வாங்க ஓய். கடப்புறத்துக்காரன் சொல்லுதேன். போலந்துல ஜக்கெல்மிங்கிற இடத்துல நாலுகால் தடம் கிடைச்சு 2010-ல வெளியாச்சு. சுமார் 39 கோடி வருசம். அது குளமே இல்ல, கடலோர ஆழமில்லா நீர்நிலை. வேலியேற்றத்துல உள்ள வந்த மீனு இறக்கத்துல மாட்டிக்கிடும், திரும்பப் போகணும்னா கை கால் வேணும். பிச்சாவரம் போனவனுக்குத் தெரியும், சேத்துல துள்ளி நடக்குற மீனை. எப்பவும் வயக்காட்டுக்காரங்க கடலை மறந்துருவீங்க.

வேளிமலை (9:03)
அந்தத் தடம் மீனு இரை தேடிக் கிண்டுன குழின்னு சொல்றவங்களும் உண்டு. எலும்பு ஒண்ணுகூடக் கிடைக்கல. அகாந்தோஸ்டெகாவுக்கு எலும்பு இருக்கு. எட்டு விரல், எண்ணிப் பாக்கலாம்.

மணக்குடிப்பொழி (9:05)
தடம்னா நடந்ததுக்குச் சாட்சி. எலும்பு செத்ததுக்குச் சாட்சி. எது பெருசு?

தோவாளைக்காரன் (9:07)
நம்ம கரையில வேலியேற்றம் ஒரு மீட்டர்கூட வராது. அதுல மாட்டின மீனுக்குக் கால் வந்துச்சாக்கும்.

மணக்குடிப்பொழி (9:09)
நம்ம கரையப் பத்தி யாரு ஓய் பேசினா? போலந்துன்னு எழுதினதை வாசிக்கலியா?

குழித்துறைக்காரி (9:15)
ஒரு சந்தேகம். கால்னு எதைச் சொல்றீங்க? விரல் இருந்தாத்தான் காலா? மீனுக்கும் நாலுகால் பிராணிக்கும் இடைப்பட்ட, 2006-ல வெளியான டிக்டாலிக் இருக்கே, 37 கோடியே 50 லட்சம் வருசம். கழுத்து உண்டு, மணிக்கட்டு மாதிரி எலும்பு உண்டு, ஆனா நுனியில துடுப்புக் கதிர். அது காலா, துடுப்பா? அதை முடிவு செய்யாம பேசினா விடிஞ்சாலும் தீராது.

தோவாளைக்காரன் (9:22)
எட்டு விரல், எட்டு விரல்னு பாடுற தம்பிக்கு ஒரு சேதி. அதே அகாந்தோஸ்டெகா பத்தி 2016-ல ஆய்வு வந்துச்சு. ஒரே இடத்துல கூட்டமாச் செத்துக் கிடந்தது. வெள்ளம் வந்து, பிறகு தண்ணி வத்தி மாட்டிக்கிட்டதுங்கிறாங்க. வறட்சி இருந்துச்சா இல்லியா? உம்ம சாட்சியே எனக்குச் சாட்சி.

வேளிமலை (9:40)
முழுசா வாசிச்சீங்களா? செத்துக் கிடந்ததெல்லாம் குட்டிங்க. எலும்பை உள்ள ஊடுகதிரால பாத்தாங்க. கைமேல் எலும்பு கெட்டிப்பட ரொம்ப நாள் ஆகியிருக்கு, அதாவது பல வருசம் தண்ணியிலேயே வளர்ந்த பிள்ளைங்க. எட்டு விரல் இருந்தும் தண்ணி வத்தினப்போ எழுந்து அடுத்த குளத்துக்குப் போகல. அங்கேயே செத்துச்சு! வறட்சி அதைக் கொன்னுச்சு, நடக்க வைக்கல. இதைவிட என்ன வேணும்?

சுற்றுச்சூழலுக்குப் பங்கே இல்லைன்னு நான் சொல்லவே இல்ல. பங்கு வேற இடத்துல. டெவோனியன்லதான் முதல் காடு வந்துச்சு. ஆர்க்கியாப்டெரிஸ் மாதிரி மரங்க ஆழமா வேர் விட்டு மண்ணை உடைச்சுச்சு. சத்தெல்லாம் ஆத்துக்கும் கடலுக்கும் போய், இலை தழை அழுகி, வெதுவெதுன்னு ஆழமில்லாத தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சுச்சு. அப்போ கிரீன்லாந்து பூமத்தியரேகைக்குப் பக்கத்துல இருந்துச்சு, பனிக்கட்டின்னு நினைச்சுராதீங்க. களையும் கிளையும் அடைச்சுக் கிடக்கிற ஓடையில, தலையைத் தூக்கிக் காத்து வாங்கவும் தரையை ஊன்றித் தள்ளவும் கால் உதவும். நுரையீரல் அதுக்கும் ரொம்ப முன்னயே மீனுக்கு இருந்துச்சு. வத்துன குளம்ங்கிற யோசனையே டெவோனியன் காலத்துச் செம்பாறையைப் பாத்து வந்தது. செம்மண் இருந்தா வறண்ட பூமின்னு எடுத்துக்கிட்டாங்க. மழை கொட்டுற நம்ம ஜில்லாவுல செம்மண் இல்லியா?

தோவாளைக்காரன் (9:44)
பாட்டு நீளம். கேள்வி அப்படியே கெடக்கு. குளம் வத்தாம எது தண்ணிய விடும்?

முப்பந்தல்காத்து (9:50)
கிரீன்லாந்து, போலந்துன்னு ஏன் அலையணும்? குமரிக்கண்டத்துல தேடியிருந்தா எல்லா எலும்பும் கிடைச்சிருக்கும். வெள்ளைக்காரனே லெமூரியான்னு ஒத்துக்கிட்டான்.

வேளிமலை (9:57)
லெமூரியா 1864-ல ஸ்கிளேட்டர்ங்கிற விலங்கியலாளர் லெமூர் குரங்கினம் பரவினதை விளக்க, கடல்ல மூழ்கின நிலம் ஒண்ணு இருந்திருக்கும்னு சொன்ன யூகம். கண்டங்க நகருதுன்னு தெரிஞ்ச பிறகு அது தேவைப்படல. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிஞ்சது சுமார் 8 கோடி 80 லட்சம் வருசத்துக்கு முன்ன. நம்ம குமரிப் பாறை சார்னோகைட், கோண்டலைட்ங்கிற உருமாறின பாறைங்க. 50 கோடி வருசத்துக்கு முன்னயே பூமிக்கு அடியில வெந்து உருமாறினது. தாடையுள்ள மீனே அப்போ இல்ல. அதுல எந்த எலும்பைத் தேடுவீங்க?

முப்பந்தல்காத்து (9:59)
சொந்த மண்ணைத் தாழ்த்திப் பேசுறதுல சிலருக்கு ஒரு சுகம்.

வேளிமலை (10:02)
பாறையோட வயசைச் சொன்னா தாழ்த்துறதா? இந்த மண்ணுல பிறந்தவன்தான் நானும்.

தோவாளைக்காரன் (10:06)
இவரு எப்பவும் இப்படித்தான். போன வருசம் டைனோசர் அழிஞ்சது பத்தின இழையிலயும் காரணம் விண்கல்லா தக்காண எரிமலையான்னு ரெண்டு நாளு எங்களை வறுத்தெடுத்தாரு. பெரியவங்கன்னு ஒரு மரியாதை கிடையாது.

வேளிமலை (10:11)
அதுலயும் பாதியில ஓடினது நீங்கதான் அண்ணாச்சி. வயசுக்கு மரியாதை உண்டு, தப்பான தகவலுக்குக் கிடையாது. நாளைக்குப் பிள்ளைங்க பரீட்சையில இதைத்தான் எழுதப் போறாங்க, எனக்கு அதுதான் ஆத்திரம். எட்டு விரல். இன்னும் பதில் வரல.

குழித்துறைக்காரி (10:14)
டிக்டாலிக்குக்கு இருக்கிறது காலா துடுப்பான்னு கேட்டேன்.

தோவாளைக்காரன் (10:20)
எட்டோ பத்தோ, செத்ததுக்கு எத்தனை விரல் இருந்தா என்ன? தப்பிப் போனது எலும்பை அங்க போட்டுட்டா போகும்? நடந்து போனது போயாச்சு, போக முடியாதது கெடந்துச்சு. குளம் வத்துச்சுன்னு உம்ம வாயாலயே சொல்லியாச்சு.

வேளிமலை (10:24)
போனதுக்கு என்ன சாட்சி? கிடைக்காத எலும்பை வச்சு வாதாடுறீங்க. இக்தியோஸ்டெகான்னு இன்னொரு ஆதி நாலுகால் பிராணி, அதுக்குப் பின்காலில் ஏழு விரல், அதுக்கும் துடுப்பு வால் உண்டு. அதுக்கும் சேர்த்துப் பதில் எழுதுங்க, காத்திருக்கேன்.

மணக்குடிப்பொழி (10:31)
ஜக்கெல்மி அதுக்கும் முந்தினது. கடல்னு சொன்னா மட்டும் யாருக்கும் காது கேக்காது.