சுகயீன விடுமுறைப் போராட்டத்தில் தகுதிகாண் காலத்து ஆசிரியர் சேரலாமா?

பதிந்தவர்: வன்னி ஆசிரியை

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்துக் கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கின்றேன். நியமனம் கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன; அது உறுதிப்படுத்தப்பட இன்னும் ஓராண்டு இருக்கிறது. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கப் பரிந்துரைத்த உயர்வில் எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டு மீண்டும் சுகயீன விடுமுறைப் போராட்டம் வந்தால் ஒருவரும் வரவுப் பதிவேட்டில் கையொப்பமிடக் கூடாது என்று சங்கப் பிரதிநிதி ஆசிரியர் ஓய்வறையில் சொல்லிவிட்டுப் போனார். அவர் படலையைத் தாண்டியதும் பகுதித் தலைவர் என்னைத் தனியே அழைத்து, "உறுதிப்படுத்தல் கடிதம் கையில் வரும்வரை தலையைக் காட்டாதேயும், பிள்ளை" என்றார்.

எனக்குச் சம்பளம் போதவில்லை என்பதில் ஐயமில்லை. கடந்த தவணையில் தரம் 10 மாணவர் 34 பேருக்கும் அலகுப் பரீட்சைத் தாளைப் பிரதியெடுத்த செலவு என் கைப்பையிலிருந்தே போனது. வாடகை அறைக்கும் வார இறுதியில் யாழ்ப்பாணம் போய்வரும் பேருந்துக்கும் கொடுத்த பின்னர் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சொல்லக் கூசும் தொகை. ஆனால் நோயில்லாத நாளில் நோய் என்று எழுதிக் கொடுப்பது மனத்தை உறுத்துகிறது. 2021 இல் நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். அப்போது நடந்த நீண்ட போராட்டத்தால் உண்மையில் என்ன கிடைத்தது என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்று.

பதில்: ஓய்வுபெற்ற அதிபர்

மகள், கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகின்றேன், ஏனெனில் மற்ற இரண்டும் அதில்தான் தங்கியிருக்கின்றன.

இந்த முரண்பாட்டின் வேர் 1997 ஆம் ஆண்டுச் சம்பள மறுசீரமைப்பில் இருக்கிறது. ஒத்த தகைமை கொண்ட வேறு அரச சேவைகள் அப்போது மேலே நகர்ந்தன. ஆசிரியரும் அதிபரும் இருந்த இடத்திலேயே விடப்பட்டோம். ஆகவே இது "சம்பளம் குறைவு, கூட்டித் தாருங்கள்" என்ற பொதுவான கோரிக்கை அன்று. பக்கத்து வரிசையில் நின்றவர் முன்னே போக நாம் பின்னே தள்ளப்பட்டோம் என்ற ஒப்பீட்டுக் கோரிக்கை. இந்த வேறுபாட்டைப் பெற்றோருக்கு விளக்க எங்கள் சங்கங்கள் ஒருபோதும் போதிய அளவு முயன்றதில்லை என்பது என் குறை.

2021 யூலை 8 ஆம் திகதி, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராக நாடாளுமன்றத்துக்கு அருகில் போராடிய இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் வேறு சிலரும் கைது செய்யப்பட்டனர். நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும் அவர்களைத் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் உங்கள் மாவட்டத்துக் கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்ததால் நடந்துவந்த நிகழ்நிலைக் கற்பித்தல் 12 ஆம் திகதி நின்றது. சட்டமூலத்தில் தொடங்கிய எதிர்ப்பு, இருபத்து நான்கு ஆண்டுச் சம்பளக் கணக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டது. ஒக்டோபர் 25 ஆம் திகதி ஆசிரியர்கள் பாடசாலைக்குத் திரும்பினர். சம்பள முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு பரிந்துரைத்த உயர்வில் மூன்றில் ஒரு பங்கு 2022 சனவரி முதல் கிடைத்தது.

கிடைத்தது உண்மை. ஆனால் அதே 2022 இல் ரூபா சரிந்து, செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது, அந்த மூன்றில் ஒரு பங்கு அரிசி மூட்டையோடும் மண்ணெண்ணெய்யோடும் கரைந்துபோனது. எஞ்சிய இரண்டு பங்கைக் கேட்டுத்தான் 2024 யூன் 26 ஆம் திகதி சுகயீன விடுமுறை எடுத்துக் கொழும்புக் கோட்டையில் கூடினார்கள். கண்ணீர்ப் புகையும் நீர்த்தாரையும் கிடைத்தன. 2025 வரவு செலவுத் திட்டம் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டம் கட்டமாக உயர்த்தியதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் ஏற்கெனவே இருந்த கொடுப்பனவுகளை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்தே அந்த எண்ணிக்கை வருகிறது. அன்றியும் எல்லோருக்கும் ஏணியை ஒரு படி உயர்த்தினால் நமக்கும் அடுத்தவருக்கும் இடையிலான படிகள் குறைவதில்லை.

சுகயீன விடுமுறை பொய்யா? தாளில் பொய்தான். ஆனால் விண்ணப்பிக்கும் ஆசிரியருக்கும், பெறும் அதிபருக்கும், வலயக் கல்விப் பணிமனைக்கும், அமைச்சுக்கும் அது என்ன என்று தெரியும், எவரும் ஏமாறுவதில்லை. எழுதுவினைஞராக இருந்த என் தந்தையார் 1980 யூலை வேலைநிறுத்தத்தில் சேர்ந்து, வேலை இழந்த சுமார் 40,000 பேரில் ஒருவரானார். அதன் பின்னர் எங்கள் வீட்டில் "வேலைநிறுத்தம்" என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்வோம். அரச ஊழியர்கள் விடுமுறைத் தாளின் பின்னால் நின்று போராடப் பழகியதற்கு அந்த நினைவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கின்றேன்.

பதில்: கிளிநொச்சித் தந்தை

அதிபர் ஐயா எழுதியதை மதிப்புடன் வாசித்தேன். ஆனால் அந்த மூன்று மாதத்தில் என் மகள் தரம் 11 இல் இருந்தாள். சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதம் வரை தள்ளிப்போனது. கொழும்பில் வசதியுள்ள பிள்ளை பணம் கட்டித் தனியார் வகுப்பில் நிகழ்நிலையில் படித்தது. அதே காலத்தில் சில ஆசிரியர்களே அத்தகைய வகுப்புகளை நடத்தினார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆசிரியர்களின் கோரிக்கை நியாயமானது என்று இன்றும் சொல்வேன். விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்வேன்.

பதில்: தோட்டப் பாடசாலை ஆசிரியர்

தந்தையாரின் கோபம் நியாயமானது, தனியார் வகுப்பு விடயத்தில் குறிப்பாக. ஆனால் எங்கள் நுவரெலியாப் பக்கத்து நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போராட்டம் தொடங்குவதற்கு முன்னரே என் வகுப்பில் 28 பேரில் நிகழ்நிலையில் தோன்றியவர்கள் 6 பேர். மற்றவர்களுக்கு லயத்தில் ஒரு கைபேசி. அதுவும் தந்தை வேலை முடிந்து வந்த பின்னர்தான் கிடைக்கும். நான் பாடத்தைக் குரல் பதிவாக்கி, கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மேலே சமிக்ஞை கிடைக்கும் மேட்டில் நின்று அனுப்புவேன். அதற்கான டேட்டாப் பணத்தை எவரும் தந்ததில்லை. அரசு தராத வசதியில் நடந்த கற்பித்தலை நிறுத்தியபோதுதான், அது ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து நடந்துகொண்டிருந்தது என்பதே நாட்டுக்குத் தெரிந்தது. இதையும் ஒப்புக்கொள்கின்றேன்: பரீட்சை எழுதவிருந்த பிள்ளைகளுக்கு நான் இரகசியமாகக் குறிப்புகள் அனுப்பினேன். சங்கத்துக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. 2015 இல் மலையகத்துக்கு எடுக்கப்பட்ட ஆசிரியர் உதவியாளர்களில் நானும் ஒருவன். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் 10,000 ஆனது. அந்தப் பணத்தில் பயிற்சிக் கலாசாலைக்கும் போய்வந்து முழுநேரம் கற்பித்தோம். அக்காலத்தில் எங்களுக்காக நாடு முழுவதும் எவரும் கையொப்பமிடாமல் நின்றதில்லை. சங்கங்களின் கணக்கில் அடியில் இருப்பவர்கள் எப்போதும் கடைசியாகத்தான் வருகிறார்கள். சம்பள முரண்பாட்டைப் பேசும்போது கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவையும் இடமாற்றத்தையும் கோரிக்கையில் சேர்க்கும்படி உங்கள் பிரதிநிதியிடம் எழுத்தில் கேளுங்கள்.

பதிந்தவர்: வன்னி ஆசிரியை

மூவருக்கும் நன்றி. கொடுப்பனவு பற்றிய ஆலோசனையை நாளையே பிரதிநிதியிடம் கொடுக்கிறேன். ஆனால் தகுதிகாண் காலம் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது, அதிபர் ஐயா.

பதில்: ஓய்வுபெற்ற அதிபர்

மறந்துபோனேன், மன்னிக்கவும். தொழிற்சங்கத்தில் சேரும் உரிமையை அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை உங்களுக்குத் தருகிறது. தகுதிகாண் காலம் அதற்குத் தடையன்று. ஆனால் வேலைநிறுத்தம் என்ற சொல் அந்த உறுப்புரையில் இல்லை, கைத்தொழில் பிணக்குகள் சட்டமும் அரச ஊழியருக்குப் பொருந்தாது. ஆகவே உங்களைக் காப்பது பெரும்பாலும் எண்ணிக்கைதான். பாடசாலையில் 22 பேரில் 20 பேர் நின்றால் எந்த அதிபரும் ஒருவரின் கோவையில் மட்டும் குறிப்பு எழுதத் துணியமாட்டார். மூவர் நின்றால் எழுதக்கூடும். பகுதித் தலைவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், அவரும் ஒரு காலத்தில் பயந்தவராகவே இருப்பார்.

நின்றால், விடுமுறை விண்ணப்பத்தை முதல் நாளே எழுதி, பிரதி ஒன்றை உங்கள் கையில் வைத்திருங்கள்; வாய்மொழியாகச் சொன்னதை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அந்த நாளுக்குரிய பாடத்தைத் தரம் 11 பிள்ளைகளுக்கு எந்த நாளில் ஈடுசெய்வீர்கள் என்பதை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிட்டுப் போங்கள். கிளிநொச்சித் தந்தையைப் போன்றவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.