செயற்றிட்டத்துக்காகப் பிள்ளைகளுடன் ஊருக்குள் போன அனுபவங்கள்

செம்மண்:
தரம் 10 பிள்ளைகளை யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பக்கம் கிணற்றுநீர்ச் செயற்றிட்டத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வெங்காயத் தோட்டத்து உரம் சுண்ணக்கல் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்று என்ற நைதரசன் சேர்வையாகச் சேரும் கதை இங்கு யாவரும் அறிந்ததே. ஆறாவது வீட்டில் பங்குக்கிணறு. வாளி நீரில் மாணவி தோய்த்த சோதனைத்தாள் இளஞ்சிவப்பாக மாறியதும், போத்தலில் ஒட்டியிருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டு, கொப்பியில் 20 என்று எழுதினாள். பார்த்துக்கொண்டு நின்ற அந்த வீட்டு அம்மா, "அப்ப இந்தத் தண்ணியில குழந்தைக்குப் பால்மா கரைக்கலாமோ, மாஸ்டர்?" என்று கேட்டார். விறாந்தையில் ஏணை ஆடிக்கொண்டிருந்தது. குடிநீரில் நைத்திரேற்றுக்கான எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது நினைவிலிருந்ததால், "ஓமம்மா, பயப்படாதேங்கோ" என்றேன். வான் காத்து நின்ற அவசரத்தில் சொன்ன அந்தச் சொல் ஏனோ இன்னும் உறுத்துகிறது.

பனங்கூடல்:
அந்த அம்மா கேட்டதற்கு நீங்கள் பதிலாவது சொல்லியிருக்கிறீர்கள். நாங்கள் படித்த காலத்தில் குடித்தொகைச் செயற்றிட்டமென்று படிவத்துடன் வீடுவீடாகப் போனோம். ஒரு முதியவர் குடும்ப அங்கத்தவர் ஐந்து பேர் என்றார். பெயர்களைக் கேட்டபோது நான்குதான் வந்தன. நான் ஐந்தை வெட்டி நான்காக்கியதைக் கண்டவர், பேனையை என் கையிலிருந்து வாங்கி, மீண்டும் ஐந்து என்று தானே எழுதிவிட்டார். ஐந்தாவது பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

துலா:
பனங்கூடல் சொல்வது மனத்தைத் தொடுகிறது, ஆனாலும் "பதிலாவது சொன்னீர்கள்" என்பதை என்னால் ஏற்க முடியாது, ஏனெனில் பிழையான பதிலை விட மௌனம் மேல். நானும் ஒருமுறை மாணவருடன் இதே சோதனையைச் செய்து இதே இடத்தில் வழுக்கியவன் என்பதால் கேட்கிறேன்: செம்மண், அந்த 20 எந்த 20? பல சோதனைத்தாள்களின் அட்டை நைத்திரேற்றை நேராகக் காட்டுவதில்லை, அதிலுள்ள நைதரசனின் அளவையே காட்டுகிறது. அப்படியானால் நைத்திரேற்றின் அளவை அறிய 4.43 ஆல் பெருக்க வேண்டும். 20 என்பது இலீற்றருக்கு 88 மில்லிகிராமைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 50 என்ற எல்லை நைத்திரேற்றுக்கானது, நைதரசனுக்கானதன்று. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவ முடியாமற் போய் உடல் நீலம்பாரிக்கும் ஆபத்து நைத்திரேற்று மிகுந்த நீரால் வருகிறது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். கிருமி சாகும், நீர் ஆவியாகிய அளவுக்கு நைத்திரேற்று செறிவடையும். துணி வடியும் உதவாது. மாரி மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறக்கூடும் என்பதால் ஒரே நாளில் அளந்து முடிவு கட்டாதீர்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தையும் பிள்ளைகள் அளந்து குறிக்கட்டும். ஐயமான கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, பெறுபேற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் அந்த வீட்டாரிடமும் கொடுங்கள். இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லைதான்.

செம்மண்:
அலுமாரியைத் திறந்து போத்தலைப் பார்த்தேன். அட்டையின் ஓரத்தில், கண்ணாடி போட்டால் மட்டும் தெரியும் எழுத்தில், நைதரசன் என்றே இருக்கிறது. இன்று பின்னேரம் அந்த மாணவியையும் அவளுடைய தாயையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். வீட்டு அம்மா கோபிக்கவில்லை. "நீங்கள் சொன்ன பிறகுதான் குழந்தைக்குக் கடைத் தண்ணி வாங்கிறதை நிப்பாட்டினனாங்கள்" என்று மட்டும் சொன்னார்.