புள்ளிக் கணக்கும் அடுப்புக் கணக்கும்: புள்ளியியல் பயிற்சிக்குப் போன நாட்கள்

எம்.எஸ்சி. புள்ளியியல் முதலாண்டு முடிந்த கோடை, 2024. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு அப்போது கடைசிக் கட்டத்தில் இருந்தது. 2023 ஆகஸ்டில் தொடங்கியது, 2024 ஜூலையோடு முடிந்தது. கள அலுவலர் மேடம் ஒருவரோடு ஒன்றரை மாதம் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நடந்தேன். இந்தப் பயிற்சிக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கல்லூரியில் கூறெடுப்பு படித்தோம், திட்டப்பிழை படித்தோம். ‘குடும்பம்’ என்றால் என்ன என்று யாரும் நிறுத்திச் சொல்லித் தந்ததில்லை. கணக்கெடுப்பில் அதற்கு ஒரு வரையறை உண்டு: வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். புத்தகத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். முன் தெருவில் முகப்பும் பின் தெருவில் கொல்லை வாசலுமாக நீண்டு கிடக்கும் ஒரு வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அந்த வரியின் கனம் தெரிந்தது.

வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி வரிசையாக அறைகள். ஒரே வீடு, ஒரே கதவு எண். நான் ஒரு குடும்பம் என்று குறித்துவிட்டேன். மேடம் திண்ணையிலேயே நின்று, “ஆச்சி, எத்தனை அடுப்பு?” என்று கேட்டார். ஆச்சிக்குக் கேள்வி உடனே புரிந்துவிட்டது. “மூணு. எனக்குக் கல்யாணமான மறுவருசமே வேறு வச்சுட்டாக. கொழுந்தனாருக்கும் அப்படித்தான்” என்றார். செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்து வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும், அதே வீட்டுக்குள் தனி அடுப்பும் தனிச் செலவும் வைத்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர்தான் வேறு வைத்தல். கோயிலிலும் கல்யாணம் ஆனவர் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. நான் இதே ஊரில் பிறந்தவள். புள்ளி வரி என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நான் படிக்கிற படிப்பின் பெயரிலேயே அந்தச் சொல் இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பூட்டிய வீடுகள் இன்னொரு பாடம். சில தெருக்களில் பாதிக்கு மேல் பூட்டுதான். முகப்பில் பூட்டு தொங்கினால் அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது, பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டின் பின்பக்கக் கடைசிப் பகுதியில் காவலுக்கு இருக்கும் கணவனும் மனைவியும் விறகடுப்பில் உலை வைத்திருந்தார்கள். அந்த அரண்மனை போன்ற வீட்டில் கணக்கெடுப்புக்கு உரிய குடும்பம் அவர்கள்தான்.

இனி நான் செய்த தவறு. வயதான தம்பதி இருக்கும் வீடு ஒன்றில், “அரிசிக் கேள்வியை நீ கேள்” என்றார் மேடம். எண்ணெய், காய்கறி, மீன் போன்றவற்றுக்கு 7 நாள் கணக்கு. அரிசி பருப்புக்கு 30 நாள். கேட்டேன். ஆச்சி கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டே இருந்தார். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. “ஒரு பத்துக் கிலோ இருக்குமா ஆச்சி?” என்றேன். “இருக்கும் ஆத்தா” என்றார். டேப்லெட்டில் 10 என்று பதியப் போனேன்.

மேடம் என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, “தினம் எதால அளந்து போடுவீங்க ஆச்சி?” என்று கேட்டார். ஆச்சி எழுந்து போய்ப் பித்தளை உழக்கை எடுத்து வந்தார். விளிம்பு தேய்ந்து ஒரு பக்கம் லேசாகச் சப்பியிருந்தது. அதைத் தலை தட்டி நிரப்பி, மகளுக்குப் பலகாரம் அனுப்ப வைத்திருந்த எடை மெஷினில் கொட்டினோம். 310 கிராம். மதியத்துக்கு இரண்டு பேருக்கும் ஒரு உழக்கு. ஆனால் அந்த மாதம் பேரன் பேத்திகள் 10 நாள் வந்திருந்தார்கள், அப்போது நாளுக்கு மூன்று உழக்கு. வீட்டில் சமைத்து விருந்தாளிக்குப் பரிமாறியதும் அந்த வீட்டுக் கணக்குதான். ஆக 50 உழக்கு. வாரம் ஒருமுறை மாவுக்கு ஊறப்போடுவது மூன்று உழக்கு, நான்கு வாரத்துக்கு 12. மொத்தம் 19 கிலோவைத் தாண்டியது. என் பத்து அதில் ஏறக்குறையப் பாதிதான்.

வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: “நீ கேட்கல, சொல்லிட்ட. நம்ம மனசு சங்கடப்படக் கூடாதுன்னு பெரியவங்க ஆமாம் போட்டுடுவாங்க.” வேறெதுவும் சொல்லவில்லை. அப்புறம் எந்த வீட்டிலும் நான் பதிலை வாயில் வைத்துக்கொண்டு கேட்டதில்லை.

உணவுக்கு ஒரு முறை, மற்ற நுகர்வுப் பொருள், சேவைகளுக்கு ஒரு முறை, நீடித்து உழைக்கும் பொருள்களுக்கு ஒரு முறை என்று ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போவோம். மூன்றாவது முறை போனபோது அந்த ஆச்சி மருந்துச் சீட்டு, கரண்ட் பில் எல்லாவற்றையும் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்து வைத்திருந்தார்.

முடிவுகள் வந்தபோது முதலில் தேடியது வீடுகளின் எண்ணிக்கையை: நாடு முழுவதும் 2,61,953. மாதத் தனிநபர் செலவு கிராமத்தில் சராசரி ரூ.4,122, நகரத்தில் ரூ.6,996. விலைவாசிக் குறியீட்டின் புதிய வரிசையில் அரிசிக்கு எவ்வளவு எடை (அதாவது மொத்தச் செலவில் எவ்வளவு பங்கு), மருந்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் இந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அந்தச் சப்பிய உழக்கும் அதில் இருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து, பயிற்சிக்குப் போன வேறொருவர்:

நான் மாநில அரசின் பொருளியல் புள்ளியியல் துறைப் பக்கம் போனவன். தை மாதம், நெல்லுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை, அதாவது கொஞ்ச இடத்தில் அறுத்துப் பார்த்து விளைச்சலை மதிப்பிடுவது. எந்த சர்வே எண், வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து எத்தனை அடி வைத்துப் போக வேண்டும் என்பதெல்லாம் சமவாய்ப்பு எண் (குலுக்கல் போல விழும் எண்) சொல்கிறபடி. அங்கே 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவோம். 25 சதுர மீட்டர் என்பதால் ஹெக்டேருக்கு 400 மடங்கு. ஒரு கிலோ பிசகினால் 400 கிலோ பிசகும்.

கண்மாய்த் தண்ணீர் கடைசி வரை எட்டாத வருடம் அது. எங்களுக்கு விழுந்த இடம் மடையை ஒட்டிய நல்ல விளைச்சல். விவசாயி, “தம்பி, அந்தக் கடைசிப் பக்கம் பூராவும் சாவி, வெறும் பதர். அங்க கட்டுங்களேன்” என்றார். பயிர்க் காப்பீட்டுப் பணம் இந்த விளைச்சலை வைத்துத்தான் என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டது தப்பு என்று எனக்கு இன்றும் சொல்ல வரவில்லை. ஆய்வாளர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, அவரோடு வரப்பில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார். “அண்ணே, இன்னைக்கு உங்களுக்காக நகர்த்துனா, நாளைக்கு வேற ஒருத்தருக்காகவும் நகர்த்துவேன். அப்ப உங்க கடைசி வயல நிஜமாவே எண் காட்டுற வருசம் எவன் நம்புவான்?” என்றார். அவர் சமாதானம் ஆனாரா தெரியாது. ஆனால் கதிர் அறுக்க அவரேதான் முதலில் குனிந்தார்.

ஆத்தங்குடிப் பக்கம் போன இன்னொருவர்:

கம்பெனியாகப் பதிவு செய்யாத சிறு தொழில்களுக்கு ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. அதில் கூடப் போனேன். தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறை ஒன்று. முதலில் எல்லோரும் கேட்பதுதான்: “இது ஜிஎஸ்டி ஆபீசுக்குப் போகுமா?” ஆளை அடையாளம் காட்டும்படி வெளியிட 2008-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் இடம் தராது என்று விளக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்றதற்கு, “நானும் ரெண்டு பசங்களும்” என்றார் உரிமையாளர். அடுத்த கேள்வி, சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் குடும்பத்தார் யாராவது உண்டா. “இல்லை” என்றார். அவர் பின்னால் அவர் மனைவி கண்ணாடிப் பலகைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டியில் ஊறிய கல்லை எடுத்து வெயிலில் காய வைப்பதும் அவர்தான், வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலர் அவர் பக்கம் திரும்பி, “அக்கா, நீங்க தினம் எத்தனை மணி நேரம் இந்த வேலை பார்ப்பீங்க?” என்று கேட்டார்.

அவர் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, காலை ஆறு மணியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். உரிமையாளரும் உட்கார்ந்து கேட்டார். வேலை செய்கிறவர்கள் நான்கு என்று பதிவானது.