கருமத்தம்பட்டி: ஹைவே ஓர சைட்டில் போக்குவரத்துச் சத்தம் அளப்பது எப்படி?

அவிநாசி_சிவில்:
வணக்கமுங்க. கருமத்தம்பட்டி பக்கம் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டி 3 ஏக்கர் இடம். தரைத்தளம் + 4 மாடி குடியிருப்பு, மொத்தக் கட்டடப் பரப்பு 22,000 சதுர மீட்டர். சர்வீஸ் ரோட்டு ஓரத்திலிருந்து முதல் பிளாக் 40 மீட்டர் தள்ளி வருது. பின்னாடி 80 மீட்டரில் விசைத்தறிக் கொட்டகை, கிழக்கே தென்னந்தோப்பு. ரோட்டுப் பக்கம் ஏழடி உயரத்துல பழைய காம்பவுண்டு சுவர் நிக்குது. சுற்றுச்சூழல் அனுமதிக்கும் ஜன்னல் டிசைனுக்கும் பின்னணிச் சத்த அளவு வேணும். எத்தனை இடத்துல, எவ்வளவு நேரம் வைக்கணும்? தறிச் சத்தத்தை எப்படிப் பிரிக்கறது? ஆடி மாசத்துல எடுக்கலாமா?

ஒலிமானி:
20,000 சதுர மீட்டரைத் தாண்டினா 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேணும். அதனால என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தை வெச்சே எடுங்க. செல்போன் ஆப் அளவு எங்கயும் செல்லாது. ஆனா மைக் எங்க நிக்கணும்னு முடிவு பண்றது நீங்களா இருக்கணும். விட்டா, நிழல் இருக்கற இடமாப் பார்த்து வெச்சுட்டுப் போயிருவாங்க.

மூணு இடம் போதும். முதல் பிளாக்கின் முகப்பு வரக்கூடிய கோட்டில் ஒண்ணு, ரோட்டுக்குக் கிட்ட 15–20 மீட்டரில் ஒண்ணு, தறிப் பக்கம் பின்எல்லையில் ஒண்ணு. முகப்புக் கோட்டில் ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிறும் முழுசா வரணும், அதாவது சனி காலை தொடங்கி திங்கள் காலை வரைக்குமாவது. மத்த ரெண்டுலயும் 24 மணி நேரம் போதும். ராத்திரியை விட்டுட்டு அளந்தா பிரயோஜனமே இல்லீங்க. வண்டி எண்ணிக்கை குறைஞ்சாலும் ஓடறதுல லாரிதான் அதிகம், வேகமும் கூடும். அதனால சத்தம் நீங்க நினைக்கற அளவு இறங்காது.

உயரம்தான் உங்க சைட்ல முக்கியம். வழக்கமா மைக் தரையிலிருந்து 1.2–1.5 மீட்டர், எந்தச் சுவரிலிருந்தும் குறைஞ்சது 3.5 மீட்டர் தள்ளி நிக்கணும் (சுவருக்குக் கிட்ட வெச்சா எதிரொலி சேர்ந்து 3 டெசிபல் வரைக்கும் கூடிக் காட்டும்). ஆனா ஏழடிச் சுவருக்குப் பின்னாடி 1.5 மீட்டரில் வெச்சா, அந்தச் சுவரே டயர் சத்தத்தை மறைச்சுரும். நாலாவது மாடிக்காரர் ஜன்னலைத் திறந்தா ரோடு முழுசாத் தெரியும், அவருக்குச் சுவர் ஒண்ணும் தடுக்காது. அதனால முகப்புக் கோட்டில் இன்னொரு மைக்கை ஜிஐ பைப்பில் 6 மீட்டர் உயரத்துக்கு ஏத்தி, மூணு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துங்க. ரெண்டு அளவும் ஒரே நேரத்துல வரணும். அந்த வித்தியாசம்தான் மேல்மாடி ஜன்னலுக்கு அடிப்படை.

கருவி ஐஇசி 61672 (ஒலிமானிக்கான சர்வதேசத் தரம்) முதல் வகுப்பு. ஏ வெயிட்டிங் (மனுசக் காதுக்கு ஏத்தபடி அளக்கறது), ஃபாஸ்ட் (சத்தம் மாறறதை வேகமாக் காட்டற அமைப்பு), ஒரு விநாடிக்கு ஒரு பதிவு. எல்இக்யூ (ஆற்றல் சராசரி), எல்10 (10 சதவீத நேரம் தாண்டற அளவு), எல்90 (90 சதவீத நேரம் தாண்டற அளவு, அதாவது பின்னணி), எல்மேக்ஸ் (உச்சம்) நாலும் வேணும். மணிக்கு ஒரு எண்ணா மட்டும் வாங்கினா, மைக்குக் கீழ நாய் குரைச்ச அஞ்சு நிமிஷத்தைப் பிற்பாடு வெட்டி எடுக்க வழியே இருக்காது. ஏர் ஹார்ன் அடிக்கறப்ப ஓவர்லோடு காட்டுதான்னும் பாருங்க. பழைய கருவியில் ரேஞ்சைக் கீழ வெச்சிருந்தா உச்சி அப்படியே வெட்டுப்பட்டுரும்.

தொடங்கும்போதும் முடிக்கும்போதும் 94 டெசிபல், 1 கிலோஹெர்ட்ஸ் காலிபிரேட்டரை (கருவியைச் சரிபார்க்கத் தெரிஞ்ச அளவு சத்தம் தர்றது) போட்டு ரெண்டு எண்ணையும் எழுதி வாங்குங்க. 0.5 டெசிபலுக்கு மேல நகர்ந்திருந்தா அந்த அளவீட்டு ஓட்டத்தைத் தள்ளிருங்க. நகர்வுக்குப் பாதி காரணம் மைக் அடாப்டர் வளையத்துல முழுசா உட்காராததும், காலிபிரேட்டர் பேட்டரி இறங்கினதும்தான்.

பல்லடம்_காத்தாடி:
ஆடியில வேண்டாங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நம்ம பக்கம் நேரா அடிக்கும். காத்து வேகம் விநாடிக்கு 5 மீட்டரைத் தாண்டற நேரத்தை எல்லாம் கழிக்கணும், கழிச்சா பகல்ல மிஞ்சறது கொஞ்சம்தான். ஃபோம் விண்ட்ஸ்கிரீன் மைக் மேல காத்து உரசறதை மட்டும் குறைக்கும், தென்னை ஓலை சலசலக்கறதைக் குறைக்காது. அது எல்90-ஐயே மேல தூக்கிரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையும் சரிப்படாது. ஈர ரோட்டில் டயர் இரைச்சல் கூடும், ராத்திரி பூச்சிச் சத்தமும் சேரும். பூச்சி பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலதான் கத்தும், அதனால மூணில் ஒரு ஆக்டேவ் பேண்டையும் (சத்தத்தை அதிர்வெண் வாரியாப் பிரிச்சுக் காட்டறது) பதிவு பண்ணச் சொல்லுங்க. அந்தப் பேண்டுகளை நீக்கிட்டு மொத்தத்தைத் திரும்பக் கூட்டினா ரோட்டுச் சத்தம் தனியா வரும்.

தைப்பொங்கல் கூட்டம் ஓஞ்ச பிறகு மார்ச் வரைக்கும் நல்ல காலம். பக்கத்துக் கோயிலில் நோம்பி (திருவிழா) சாட்டியிருக்காங்களான்னு மட்டும் ஊருக்குள்ள ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. தீபாவளி வாரமும் ஆகாது. திருப்பூரே ஊருக்குக் கிளம்பற வாரம், ரோடு வழக்கம்போல இருக்காது.

நொய்யல்கரை:
தறிக்கு ஒரு வழி இருக்குங்க. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்துவாங்க, முன்கூட்டியே பேப்பரில் வந்துரும். அன்னைக்குத் தறி நிக்கற நேரத்துல பின்எல்லையில் ஒரு மணி நேரம் தனியா எடுங்க. பக்கத்துல ஜெனரேட்டர் ஓடாம இருக்கணும். இந்த அளவு தறியைப் பிரிக்க மட்டும்தான், 24 மணி நேர ஓட்டத்தை அந்த நாளில் வைக்கக் கூடாது.

கழிக்கும்போது டெசிபலை நேராக் கழிக்காதீங்க. தறியும் ரோடும் சேர்ந்து 65, ரோடு மட்டும் 62 வந்தா, தறியும் 62-தான். வித்தியாசம் 10-க்கு மேல இருந்தா கழிக்கத் தேவையே இல்லை. 3-க்கும் கீழ இருந்தா அந்தக் கழித்தலை நம்பக் கூடாது. அனுமதி அறிக்கையில் தறியோட சேர்ந்த அளவையே காட்டுங்க, அங்க நிஜமா இருக்கற சத்தம் அதுதான்.

கூடவே வண்டி எண்ணிக்கை எடுங்க. மணிக்கு 15 நிமிஷம் வீடியோ எடுத்து, டூவீலர், கார், பஸ், லாரின்னு பிரிச்சு எண்ணினாப் போதும். கருவிக் கடிகாரமும் வீடியோ நேரமும் ஒத்துப் போகணும். வருங்காலக் கணக்குக்கு இது வேணும்: அதே கலப்பில் போக்குவரத்து ரெட்டிப்பானா 3 டெசிபல்தான் கூடும்.

அவிநாசி_சிவில்:
ரொம்ப நன்றிங்க. பகல் சராசரிக்கு எக்செல்லில் 16 மணி நேர எண்ணையும் கூட்டி வகுத்தாச் சரியா? முகப்பில் 55-ஐத் தாண்டிட்டா அனுமதி கிடைக்காதா?

ஒலிமானி:
கூட்டி வகுக்கக் கூடாதுங்க. 70-க்கும் 60-க்கும் சராசரி 65 இல்லை, 67.4. ஒவ்வொரு எண்ணையும் 10-ஆல் வகுத்து, 10-இன் அடுக்கா மாத்தி, அதைச் சராசரி எடுத்து, லாக் போட்டு 10-ஆல் பெருக்கணும். பகல்னா காலை 6 முதல் ராத்திரி 10 வரை, மிச்சம் 8 மணி நேரம் இரவு. ரெண்டையும் தனித்தனியாக் காட்டுங்க.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல் 55, இரவு 45. இந்த ரோட்டோரத்துல ரெண்டுமே தாண்டும்னு வெச்சே பிளானைப் போடுங்க. இருக்கற சத்தத்தை உள்ளபடி காட்டி, நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னும் அதே அறிக்கையில் எழுதறதுதான் சரி. குறைச்சுக் காட்டினா குடிவர்றவங்கதான் தூங்காமக் கிடக்கணும்.

திறந்த ஜன்னல் 10–15 டெசிபல்தான் குறைக்கும். அதனால படுக்கையறையைப் பின்பக்கம் திருப்புங்க. அங்க தறி அளவு எப்படி வருதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ரோட்டுப் பக்கம் சமையலறை, படிக்கட்டு, லிஃப்ட். அந்தப் பக்க ஜன்னலுக்கு ஸ்லைடிங் வேண்டாம், பிரஷ் இடுக்கு வழியாவே சத்தம் வந்துரும். ரப்பர் கேஸ்கட் போட்டு இறுக மூடற கதவு மாதிரி ஜன்னல், லேமினேட்டட் கண்ணாடி. ஜன்னலை மூடினா காத்து வேணுமே, அதுக்கான வழியையும் இப்பவே பிளான்ல சேர்த்துருங்க.