பதற்ற நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள்: மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

மந்தைவெளி வாசகன்:

எஸ்சிடாலோபிராம் 10 மி.கி., கூடவே முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் அல்பிரசோலம் 0.25 மி.கி. முதலாவது பலன் தரச் சில வாரங்கள் ஆகும், அதுவரை பதற்றத்தை உடனே தணிக்க இரண்டாவது. நான் சொல்ல வந்தது மாத்திரையைப் பற்றியதன்று, அதை வாங்கிய மாலையைப் பற்றியது.

எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் ஏழரை மணிக் கூட்டம். என் பக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டு அம்மாள் நின்றிருந்தார். கடைப் பெரியவர் என் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு, காய்ச்சல் மாத்திரை கேட்டவரிடம் பேசிய அதே உரத்த குரலில், "இது மனநல டாக்டர் சீட்டாச்சே, யாருக்குங்க?" என்றார். கீழ்வீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார். நான் "அப்பாவுக்கு" என்றேன்.

என் அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கீழ்வீட்டு அம்மாள் குடிவந்து ஓராண்டுதான் ஆகிறது, ஆகவே அவருக்கு அது தெரிந்திருக்காது என்ற கணக்கை அந்த அரை நொடியில் என் மூளை போட்டு முடித்திருக்கிறது. பெரியவர் நீளமான நோட்டு ஒன்றை எடுத்துச் சீட்டைப் பார்த்து எழுதத் தொடங்கினார். என் பெயருக்கு அருகில் வயது 34 என்று இருந்த இடத்தில் அவருடைய பேனா நின்றது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுதி முடித்து, மாத்திரைகளை உறையில் போட்டுக் கொடுத்தார்.

இப்போது நான்கு மாதங்கள் ஆகிவிட்டன, நெஞ்சுப் படபடப்பு பெருமளவு அடங்கிவிட்டது. அந்தப் பேனா நின்ற கணம் மட்டும் அடங்கவில்லை. கல்யாணப் பந்தியில் இலை போடும்போதே சட்டைப் பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்து, பக்கத்து இலைக்காரரிடம் அதன் பெயரையும் சொல்லி விழுங்கியவர் என் அப்பா. அவர் தலையில் போய் இதைக் கட்டினேனே என்றிருக்கிறது.

பெரம்பூர் மருந்தாளுநர்:

மந்தைவெளி நண்பருக்கு வணக்கம். பலர் முன்னிலையில் "யாருக்கு" என்று உரக்கக் கேட்டது தவறு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நோட்டில் எழுதியதையும் ஓர் அவமானம்போல நீங்கள் விவரித்திருப்பதை ஏற்க முடியவில்லை. அல்பிரசோலம் எச்1 அட்டவணையில், அதாவது விற்பனையைப் பதிவு செய்ய வேண்டிய மருந்துகளின் அரசுப் பட்டியலில், உள்ள மருந்து. 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதியின்படி, எழுதிக்கொடுத்த மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து, அதை மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதே அட்டவணையில் காசநோய் மருந்துகளும், இருமல் மருந்துகளில் சேரும் கோடீனும், செஃபிக்சைம் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் உள்ளன. உங்கள் கீழ்வீட்டு அம்மாள் அன்று தொண்டைப் புண்ணுக்குச் செஃபிக்சைம் வாங்கியிருந்தால் உங்களுக்கு அடுத்த வரியில் அவர் பெயர் இருந்திருக்கும். உங்களுடைய எஸ்சிடாலோபிராமுக்கோ சீட்டு தேவையே தவிர, அந்தப் பதிவேடு தேவையில்லை.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். கடை மூடும் நேரத்தில் ஒரு பெண்மணி பழைய அல்பிரசோலம் அட்டையைக் காட்டி, சீட்டு இல்லாமல் இரண்டு மாத்திரை மட்டும் கேட்டார். மறுத்தேன். அவர் சண்டை போடவில்லை, ஷட்டருக்கு வெளியே படியில் உட்கார்ந்து கைகள் நடுங்க அந்த வெற்று அட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். சட்டப்படி நான் செய்தது சரி. ஆனால் அந்த மருந்தைப் பழகிய உடல் அதைத் திடீரென்று இழந்தால் வலிப்புவரைக்கும் போகலாம் என்பதைப் படித்திருந்தும், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகும்படி ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பள்ளிக்கரணைக்காரி:

சட்டம் பேசும் அண்ணாவுக்கு: பதிவேட்டில் எழுதுவது தவறென்று மந்தைவெளி நண்பர் எங்குமே சொல்லவில்லை, தயவுசெய்து அவருடைய பதிவை மறுபடி படியுங்கள்.

எனக்குப் பதற்றத்துக்கு வென்லாஃபாக்சின் 75 மி.கி. ஒரு வேளை தவறினாலே உடல் காட்டிக்கொடுத்துவிடும் மருந்து இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அட்டையில் ஒரே ஒரு மாத்திரைதான் இருந்தது, திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அந்தத் திங்கட்கிழமை எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, கைப்பேசியும் உயிர்விட்டது. புதன்கிழமைக்குள், கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் மின்சாரம் சுண்டுவதுபோன்ற ஓர் அதிர்வு வரத் தொடங்கியது. வாந்தி உணர்வு, காரணமில்லாத அழுகை, கட்டில் படகாட்டம் ஆடுவதுபோன்ற மயக்கம். வெளியேயும் படகுதான் என்பது தனி வேடிக்கை.

அந்தப் படகு எங்கள் மாடிப்படிக்கு அருகில் வந்து நின்று, என்ன வேண்டும் என்று கேட்டது. ஆளாளுக்குப் பால், மெழுகுவத்தி, குழந்தைக்கு டயப்பர் என்றார்கள். எதிர்வீட்டு முதல் மாடியிலிருந்து ஒரு தாத்தா, தமக்கு எந்த இன்சுலின், எத்தனை யூனிட் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னார். படகிலிருந்த பையன் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு அக்கா?" என்றான். அட்டை என் கைக்குள் இருந்தது. நான் ஒரு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அன்று பால் இருந்தது.

வெள்ளிக்கிழமை முழங்கால் தண்ணீரில் வேளச்சேரிவரை நடந்து போய்த்தான் மருந்து கிடைத்தது. அந்த நான்கு நாட்களைவிட அந்தப் பால் பாக்கெட்தான் எனக்கு அதிகம் நினைவுக்கு வருகிறது.

திருவான்மியூர் நடையர்:

எனக்கும் பதற்ற நோய் இருந்தது. கத்திபாரா மேம்பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, மாரடைப்பு என்று நினைத்து மனைவிக்குக் கடைசி வார்த்தை சொன்னவன் நான். மூன்று மாதம் மாத்திரை எடுத்தேன், பிறகு நானே விட்டுவிட்டேன், இப்போது நன்றாக இருக்கிறேன். அனைவருக்கும் நான் சொல்ல விரும்புவது: காலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் நடங்கள், வெறுங்காலோடு மணலில் நடப்பது இன்னும் நல்லது. காப்பியை நிறுத்துங்கள், குறைந்தது இரண்டாவது டம்ளரையாவது நிறுத்துங்கள். தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஏனெனில் தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் நேரம் நீளமாக இருக்கட்டும். இரவு ஒன்பதுக்கு மேல் கைப்பேசியையும் செய்திச் சேனல்களையும் தொடாதீர்கள். வாழ்நாள் முழுவதும் மாத்திரைக்கு அடிமையாகாமல், மனத்தைப் பழக்குவதே நிரந்தர வழி என்பது என் தாழ்மையான கருத்து.

அயனாவரம் பேருந்துப் பயணி:

நடையருக்கு: காப்பி, தைராய்டு, மூச்சு பற்றி நீங்கள் சொன்னவை சரி. ஆனால் "நானே விட்டுவிட்டேன்" என்ற வரியை ஒரு தகுதிச் சான்றுபோல எழுதாதீர்கள். அறிகுறிகள் அடங்கிய பிறகும் ஓராண்டு அளவுக்காவது தொடரச் சொல்லி, பிறகு படிப்படியாகக் குறைப்பதே மருத்துவர்களின் வழக்கம். உங்களைப் படித்துவிட்டு நாளைக்கே அட்டையைக் குப்பையில் போடுகிறவருக்கு என்ன ஆகும் என்பதைத்தான் பள்ளிக்கரணைச் சகோதரி உங்களுக்கு முன்பாகவே எழுதியிருக்கிறார். எஸ்சிடாலோபிராம் போன்றவை போதைக்கு ஆட்படுத்துவன அல்ல. அந்த அச்சம் அல்பிரசோலம் வகைக்கே பொருந்தும், அதனால்தான் அதைச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதுகிறார்கள். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு "அடிமை" என்று சொல்வதால்தான் பலர் மருத்துவரிடம் போகவே தயங்குகிறார்கள்.

என் கதை சிறியது. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில்தான் எனக்குச் சிகிச்சை, மருந்தும் அங்கேயே இலவசம். கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே வசவாகப் பயன்படுத்தும் ஊரில் வளர்ந்தவன் என்பதால், ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்து வருவேன். ஒருநாள் மருந்து வரிசையில் எனக்கு நான்கு பேர் முன்னால் எங்கள் அலுவலக மேலாளர் நின்றிருந்தார். "பிரஷர் தாங்க முடியாதவங்க வேற வேலை பார்த்துக்கலாம்" என்று எங்களிடம் சொன்ன அதே மனிதர். தற்செயலாகத் திரும்பியவர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சீட்டின் எழுதிய பக்கத்தை மார்போடு சேர்த்துத் திருப்பிக்கொண்டார். நானும் என்னுடையதைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளாகியும் நாங்கள் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அன்றிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் அவரிடமிருந்து எனக்கு அழைப்பு வருவதில்லை, அவ்வளவுதான்.

மந்தைவெளி வாசகன்:

மருந்தாளுநர் ஐயாவுக்கு நன்றி. அந்த நோட்டு ஏன் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். நேற்று மாலை மறுபடி அதே கடைக்குப் போனேன், இம்முறை சீட்டில் எஸ்சிடாலோபிராம் மட்டும்தான் இருந்தது. பெரியவர் நோட்டை எடுக்கவில்லை. சீட்டைப் பார்த்துவிட்டு, கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும் அதே குரலில், "அப்பாவுக்கு இப்போ தேவலையா?" என்றார். கேலியா, பரிவா என்று அவர் முகத்திலிருந்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

"தேவலைங்க" என்றேன்.