குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஏஐ சாட்பாட் அமைக்கலாமா?

கேள்வி (தக்கலை, மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநர்):
2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். ஆயினும் வீட்டில் அடிபடும் பெண்கள் காவல் நிலையத்துக்கும் ஊர்ப் பேச்சுக்கும் அஞ்சி எங்களிடம்கூட வாய் திறப்பதில்லை. சட்ட விவரங்களையும் உதவி எண்களையும் எந்நேரமும் சொல்லும் ஏஐ சாட்பாட் ஒன்றை வாட்ஸ்அப்பில் அமைத்துத் தர எண்ணுகிறோம். முதலில் கவனிக்க வேண்டியது எது?

பதில் (நாகர்கோவில், வழக்கறிஞர்):
சகோதரி, சட்டப் பதில்களை நீங்களே சரிபார்த்து எழுதி வைத்தால் இது பயன்படும். தானாகச் சொல்ல விட்டால், மனைவியைக் கணவரோ அவர் உறவினரோ கொடுமைப்படுத்தினால் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும்போதும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவையே அது சொல்லக்கூடும். பெண்கள் பலர் அறியாத செய்தி, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்க முதல் தகவல் அறிக்கை தேவையில்லை என்பதே. அச்சட்டத்தின் கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்கலாம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும், அங்கே வாழ்ந்த மனைவியைச் சட்ட நடைமுறையின்றி வெளியேற்ற 17ஆவது பிரிவு இடம் தருவதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவியும் உண்டு. அதற்கான எண் 15100.

பதில் (குளச்சல், குடும்ப ஆலோசகர்):
ஐயா சொன்னவை சரியே. ஆனால் எனக்குப் பெருங்கவலை கைப்பேசியைப் பற்றியது. கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். கைப்பேசியை வாங்கி அனுப்பியவரும், அதில் கூகுள் கணக்கைத் தொடங்கிக் கடவுச்சொல்லை வைத்திருப்பவரும் அவராகவே இருந்தால், மனைவி எங்கே போகிறாள், எதைத் தேடினாள் என்பதை அங்கிருந்தே பார்த்துவிட முடியும். அவளது வாட்ஸ்அப்பை வேறொரு கருவியிலும் இணைத்திருந்தால், சாட்பாட்டோடு அவள் பேசியது முழுவதும் அவர் கண்முன் வந்துவிடும். அந்த இணைப்பைத் திடீரென்று துண்டிப்பதும் அவருக்குத் தெரிந்துவிடும் என்பதால், துண்டிக்கலாமா என்பதை அனுபவமுள்ள ஒருவரோடு கலந்தே முடிவு செய்ய வேண்டும். ஆகவே சாட்பாட் தன் முதல் கேள்வியாக, இந்தக் கைப்பேசியை வேறு யாரேனும் பார்ப்பதுண்டா என்று கேட்கட்டும். ஐயம் இருந்தால் மேற்கொண்டு எதையும் எழுத வைக்காமல், நம்பகமான தோழியின் கைப்பேசியிலிருந்து பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைக்கச் சொல்லி நிறுத்திக்கொள்ளட்டும்.

இக்கருவிகள் கேட்பவரின் போக்கிலேயே பேசும் இயல்புடையவை. ‘நான்தான் அவரைக் கோபப்படுத்திவிட்டேன்’ என்று ஒருத்தி எழுதினால், கணவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள் என்று பரிவோடு சொல்லிவிடும்; அடி விழும் வீட்டில் அது ஆபத்தான அறிவுரை. அமெரிக்காவில் உண்ணுதல் கோளாறுகளுக்கான தேசியச் சங்கம் நடத்திய ‘டெஸ்ஸா’ சாட்பாட், உதவி தேடி வந்தவர்களுக்கே எடை குறைக்கும் ஆலோசனை தந்ததால் 2023இல் நிறுத்தப்பட்டது. கழுத்தை நெரித்தார், கொன்றுவிடுவேன் என்றார், வீட்டைவிட்டுப் போகப்போகிறேன் என்பவற்றுள் ஒன்று வந்தாலும், உரையாடல் உடனே ஒரு மனிதரிடம் போக வேண்டும். பிரிந்து செல்லும் நேரத்தில்தான் பல பெண்களுக்கு உயிராபத்து கூடுகிறது.

கேட்டவர்:
நன்றி அக்கா. இரவில் பொறுப்பேற்க எங்களிடம் ஆள் இல்லையே, அப்போது என்ன செய்வது?

பதில் (குளச்சல், குடும்ப ஆலோசகர்):
இரவில் சாட்பாட் 181, அவசர உதவிக்கான 112 ஆகிய எண்களை மட்டும் காட்டட்டும்; யாரோ வருகிறார்கள் என்ற நம்பிக்கையைத் தர வேண்டாம். பேசியவற்றைச் சேமிக்காதீர்கள்; குழுப் பதிவேட்டிலும் பெயர் எழுதாதீர்கள். தொடங்கும் முன் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பேசி, பாதுகாப்பு அலுவலரின் எண்ணையும் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்கள் மாறும்போது சாட்பாட்டில் திருத்த வேண்டியவர் யார் என்பதை இப்போதே பெயர் குறித்து முடிவு செய்துவிடுங்கள்.