கொய்யா மரத்தில் தொங்கிய திருவிழா

வாட்ஸ்அப் குழு: பழைய தோட்டத்து ஆளுங்க, சுங்கை சிப்புட், மலேசியா

சனி, காலை 9:14

தேவி: (படம்) தீபாவளிக்கு ஸ்டோர் ரூமைக் கழுவும்போது பாட்டியின் பிஸ்கட் டின் கிடைத்தது. ஊசி நூல் இருக்கும் என்று திறந்தால் உள்ளே டிஸ்க். மேலே மார்க்கர் பேனாவில் ‘ஆடித் திருவிழா 2003’ என்று எழுதியிருக்கிறது.

சரசு அத்தை: அடி ஆத்தா! தோட்டம் உடைவதற்கு முன்னால் நடந்த கடைசித் திருவிழா அது. உன் தாத்தா கரகத்தோடு பூக்குழி இறங்கினாரே! போட்டுப் பார்த்தாயா?

தேவி: எதில் போடுவது அத்தை? பழைய பிளேயர் பழைய இரும்புக்காரரிடம் போய் நாலு வருடம் ஆகிறது. என் லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே கிடையாது.

மணி சித்தப்பா: ஓட்டை இல்லாத லேப்டாப்புக்கா 3000 வெள்ளி கொடுத்தாய்?

தேவி: அதற்குத்தான் வெளியே செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினேன், 79 வெள்ளி. ஆனால் வேலை செய்யவில்லை. டிஸ்க் கொஞ்சம் சுற்றும், ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், அப்புறம் லைட் அணைந்துவிடும். பாட்டி வேறு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மணி சித்தப்பா: திருப்பிக் கொடுத்துவிடு. மலிவுச் சாமான் அப்படித்தான்லா.

குமார் அண்ணன்: கொடுக்காதே, இரு. டிரைவை லேப்டாப்பில் எப்படிச் செருகியிருக்கிறாய்? படம் அனுப்பு.

தேவி: (படம்)

குமார் அண்ணன்: நினைத்தேன். அந்த நாலு ஓட்டை ஹப்தான் கோளாறு. அதே ஹப்பில் மவுஸ், பென்டிரைவ், போன் சார்ஜிங் எல்லாம் தொங்குகிறது. பழைய யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், யூஎஸ்பி 3 என்றால் 900. டிஸ்க்கை நின்ற நிலையிலிருந்து சுழற்றக் கிளப்பும்போது டிரைவ் ஒரு ஆம்பியருக்கு மேலேயே கேட்கும். அது கிடைக்காவிட்டால் சுற்றப் பார்க்கும், முடியாமல் படுத்துவிடும். அந்த ‘டிக் டிக்’ அதுதான்.

சரசு அத்தை: காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வெறும் வயிற்றோடு வந்தவன் மாதிரி.

குமார் அண்ணன்: அதேதான் அத்தை. தேவி, லேப்டாப்பின் சி போர்ட்டில் நேரே செருகு. டிரைவின் வால் பழைய ஏ வகை என்றால், ஒரு சின்ன சி அடாப்டர் போதும், ஹப் வேண்டாம். டிரைவோடு இரண்டாவதாக மெலிசான கேபிள் ஒன்று வந்ததா?

தேவி: வந்தது. எதற்கென்று தெரியாமல் பெட்டியிலேயே போட்டுவிட்டேன்.

குமார் அண்ணன்: அது மின்சாரத்துக்கு மட்டும். போன் சார்ஜரில் செருகிவிடு.

காலை 9:52

தேவி: அண்ணே, சுற்றுகிறது! ஆடு அசைபோடுகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம். ஆனால் படம் வரவில்லை. டிஸ்க்கை அழுத்தினால் எந்த ஆப்பில் திறப்பது என்று கேட்கிறது. ஸ்டோரில் போனால் டிவிடி ஆப்புக்குக் காசு கேட்கிறது.

குமார் அண்ணன்: காசு கொடுக்காதே. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதே டிவிடி ஓட்டும் வசதியை எடுத்துவிட்டார்கள். லைசன்ஸ் செலவு. விஎல்சி என்ற பிளேயர் ஆப் இலவசம், அதைப் போடு. மீடியா என்ற மெனுவில் ‘ஓபன் டிஸ்க்’ இருக்கும்.

கலா அக்கா (ஜொகூர்): இவ்வளவு சிரமம் எதற்கு? டிரைவை நேரே டிவியில் செருகினால் ஆகாதா?

குமார் அண்ணன்: ஆகாது அக்கா. டிவியின் யூஎஸ்பி பென்டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும்தான் எதிர்பார்க்கும். போனில் செருகினாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

காலை 10:20

தேவி: வந்துவிட்டது!!! (படம்) கோயில் வாசல் தெரிகிறதா? இடது பக்கம் கித்தாக் காடு, அந்த ரப்பர் மரமெல்லாம். பாட்டி ஒன்றும் பேசவில்லை. சேலை முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறார்.

சரசு அத்தை: அந்தப் பந்தலுக்குப் பின்னால்தான் நம் லயத்து வீடு.

கிராணி மாமா (தோட்டத்துக் கணக்கர்): அனைவருக்கும் காலை வணக்கம். அந்த ஒளிப்பதிவுக்கு வந்தவர் ஈப்போக்காரர். டிவிடி ஒன்று 30 வெள்ளி, விசிடி (சிடியில் பதிந்த படம்) 20 வெள்ளி. கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது.

மணி சித்தப்பா: மாமா, ரப்பர் பால் நிறுத்த கணக்கும் இருக்கிறதா? எனக்கு இரண்டு நாள் பேர் விட்டுப்போன ஞாபகம்.

குமார் அண்ணன்: தேவி, இப்போது பார்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் நகல் எடு. 20 வருடத்துக்கு மேல் ஆன வீட்டு டிஸ்க், எத்தனை தடவை ஓடும் என்று சொல்ல முடியாது. உள்ளே ‘வீடியோ டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை அப்படியே லேப்டாப்புக்கு இழு. மொத்தம் 4.3 ஜிபி சுமார் வரும், ஒரு ஜிபி ஒரு ஜிபியாக விஓபி என்ற பெயரில் துண்டு துண்டாக இருக்கும்.

பகல் 12:05

சரசு அத்தை: மகனுடைய டிரைவில் நானும் வேலையை ஆரம்பித்துவிட்டேன். சாமி பாட்டு சிடி ஒன்றிலிருந்து 12 பாட்டையும் பென்டிரைவில் ஏற்றினேன். ஒரே நொடி!

குமார் அண்ணன்: அத்தை, ஒரு பாட்டு எத்தனை பைட் என்று பாருங்கள்.

சரசு அத்தை: 44 என்று போட்டிருக்கிறது. எல்லாமே 44.

குமார் அண்ணன்: 44 கேபி கூட இல்லை, வெறும் 44 பைட். நீங்கள் ஏற்றியது பாட்டு இல்லை, பாட்டு டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிய சீட்டு. ஆடியோ சிடியைத் திறந்தால் விண்டோஸ் இந்த சிடிஏ சீட்டுகளைத்தான் காட்டும். பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் ‘ரிப்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால்தான் பாட்டு உண்மையிலேயே இறங்கும்.

சரசு அத்தை: அதுதான் காரில் போட்டால் கம்மென்று இருக்கிறது. மருமகன் ரேடியோ கெட்டுப்போச்சு என்று கடைக்கே கிளம்பிவிட்டார். இரு, கூப்பிட்டுச் சொல்கிறேன்.

பகல் 12:40

தேவி: அண்ணே, 82 சதவீதத்தில் நின்றுவிட்டது. ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்று என்னவோ சொல்கிறது.

குமார் அண்ணன்: அங்கே எழுதியிருப்பதை டிரைவால் சரியாகப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். டிஸ்க்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்.

தேவி: வெளி ஓரத்தில் கைரேகை. ஒரு இடத்தில் மேகம் மாதிரி மங்கலாக இருக்கிறது.

மணி சித்தப்பா: பற்பசை போட்டுத் தேய். பளபளவென்று ஆகிவிடும்.

குமார் அண்ணன்: சித்தப்பா, அது பல் இல்லை. தேவி, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டு, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடை. வட்டமாகத் துடைக்காதே. வட்டக் கீறல் விழுந்தால் ஒரே தடத்தில் நிறைய விஷயம் சேர்ந்து போகும், குறுக்குக் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும்.

பகல் 1:30

தேவி: துடைத்ததில் 82 என்பது 91 ஆயிற்று. அதற்கு மேல் நகரவில்லை.

குமார் அண்ணன்: சரி, படிக்க முடியாத இடத்தைத் தாண்டிக்கொண்டு மிச்சத்தை எடுக்கும் மென்பொருள் ஒன்றின் லிங்க் உனக்குத் தனியாக அனுப்புகிறேன். இரவு முழுக்க ஓடட்டும். லேப்டாப் தூங்கிவிடாமல் செட்டிங் பார்த்துக்கொள்.

கலா அக்கா (ஜொகூர்): என்னிடமும் ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அளவு குட்டி டிஸ்க், மகளின் காதுகுத்து. எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் காலி என்கிறது.

குமார் அண்ணன்: டிவிடி கேமராவில் எடுத்ததா? கடைசியில் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்டிருப்பார்கள். படம் உள்ளே இருக்கும், ஆனால் மற்ற டிரைவுக்குத் தெரியாது. அதே கேமராவில் போட்டு ஃபைனலைஸ் கொடுத்தால் போதும். தட்டு வெளியே வரும் டிரைவில் மட்டும் போடுங்கள். வாயில் திணிக்கும் மாதிரி டிரைவில் குட்டி டிஸ்க்கைப் போட்டால் மாட்டிக்கொள்ளும்.

கலா அக்கா (ஜொகூர்): கேமராவை யாரோ கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போனார்கள். யார் என்று இந்தக் குழுவில் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

மணி சித்தப்பா: இன்று ஒட்டுக்கடைக்கு யார் வருகிறீர்கள்?

ஞாயிறு, காலை 8:05

தேவி: முடிந்தது. எல்லாம் வந்துவிட்டது, கடைசி ஆறு நிமிடம் தவிர. பூக்குழிக்கு முன்னால் பம்பை அடிப்பது வரை நன்றாக இருக்கிறது. தாத்தா கரகத்தோடு வந்து நிற்கிறார். அப்புறம் முகம் கட்டம் கட்டமாக உடைந்து படம் அப்படியே நின்றுவிடுகிறது.

சரசு அத்தை: சரியாக அந்த இடமா?

குமார் அண்ணன்: அத்தை, அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய இசைத்தட்டில் ஊசி வெளி ஓரத்திலிருந்து உள்ளே போகும். சிடி, டிவிடி தலைகீழ், நடுவில் தொடங்கி ஓரத்தில் முடியும். நாம் பிடிப்பதும் ஓரத்தைத்தான், ஈரம் ஏறுவதும் அந்த விளிம்பில்தான். திருவிழாவில் கடைசியாக நடந்தது பூக்குழி, அது டிஸ்க்கின் ஓரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

தேவி: பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ‘இன்னும் வரும், இரு’ என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வேறு யாரிடமாவது அந்த டிஸ்க் இருக்கிறதா?

மணி சித்தப்பா: என்னிடம் இருந்தது.

தேவி: எங்கே?

மணி சித்தப்பா: (படம்)

கலா அக்கா (ஜொகூர்): சித்தப்பா! அது கொய்யா மரம்!!

மணி சித்தப்பா: வௌவாலும் கிளியும் ஒரு பழம் விடவில்லை. பளபளவென்று ஆடினால் பயப்படும் என்று நாலு டிஸ்க்கைக் கட்டினேன். எது எந்த டிஸ்க் என்று பார்க்கவில்லை. இருங்கள், ஏணி எடுக்கிறேன்.

காலை 9:20

மணி சித்தப்பா: நாலையும் மகளுடைய டிரைவில் போட்டுப் பார்த்தோம். இரண்டு டிஸ்க் ஊதா நிறம் போய் மோர் நிறமாகிவிட்டது, எழுத்தும் இல்லை. டிரைவ் கண்டுகொள்ளவே இல்லை. ஒன்றின் மேல் பூச்சு தோலாக உரிந்துவிட்டது. ஆனால் கடையில் வாங்கிய பாட்டு சிடி ஒன்று பாதி வரை பாடியது!

குமார் அண்ணன்: அப்படித்தான் இருக்கும். வீட்டிலும் ஸ்டூடியோவிலும் எழுதும் டிஸ்க்கில் சாயம் ஒன்று பூசியிருக்கும், லேசர் அதில்தான் புள்ளி வைக்கும். வெயில் அந்தச் சாயத்தைத் தின்றுவிடும். கடை சிடியில் சாயம் கிடையாது, புள்ளிகளை அச்சு வைத்து பிளாஸ்டிக்கிலேயே அழுத்தியிருப்பார்கள். ஆனால் சிடியின் உயிர் மேல் பக்கத்தில், லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. அந்தப் பூச்சு உரிந்தால் ஒன்றும் மிஞ்சாது. டிவிடியில் இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவே இருக்கும்.

சரசு அத்தை: மணி, கொய்யாப் பழமாவது கிடைத்ததா?

மணி சித்தப்பா: கிளி அந்தக் கயிற்றிலேயே உட்கார்ந்து தின்கிறது அக்கா.

காலை 10:02

கிராணி மாமா: அனைவருக்கும் வணக்கம். கோயிலுக்குப் போயிருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். அந்தத் திருவிழாவின் விசிடி என்னிடம் உள்ளது, இரண்டு டிஸ்க். அப்போது என் வீட்டு பிளேயர் டிவிடி ஓட்டாது, அதனால் 20 வெள்ளிக்கு விசிடி வாங்கினேன். இரும்பு அலமாரியில், அந்துருண்டை போட்டு, உறையோடு இருக்கிறது.

தேவி: மாமா!! நேற்றே சொல்லியிருக்கலாமே!

கிராணி மாமா: நேற்று டிவிடி பற்றித்தான் பேசினீர்கள்.

மணி சித்தப்பா: கிராணி கிராணிதான்.

பகல் 11:15

தேவி: மாமாவின் பேரன் மோட்டாரில் கொண்டுவந்து கொடுத்தான். டிரைவ் உடனே படித்துவிட்டது. ஆனால் உள்ளே ‘எம்பெக் ஏவி’ என்ற ஃபோல்டரில் டாட் (.dat) என்று முடியும் ஒரே பெரிய ஃபைல். திறக்கத் தெரியாது என்கிறது லேப்டாப்.

குமார் அண்ணன்: அதுதான் படம். விஎல்சிக்குள் இழுத்துப் போடு. இரண்டாவது டிஸ்க்கில் பார், ஒரு விசிடியில் 74 நிமிடம்போலத்தான் கொள்ளும், பூக்குழி அதில்தான் இருக்கும். ஒன்று, படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். விசிடி 352க்கு 288 புள்ளி, டிவிடி 720க்கு 576. நாலில் ஒரு பங்கு.

பகல் 11:31

தேவி: இருக்கிறது.

தேவி: முழுசாக இருக்கிறது. தாத்தா இறங்கிப் பால்குழி வரை போய்விட்டார். கரகம் ஆடவே இல்லை.

சரசு அத்தை: அனுப்பு, அனுப்பு.

குமார் அண்ணன்: வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் இன்னும் நசுக்கிவிடும். டாக்குமென்ட் என்று சேர்த்து அனுப்பு, 2 ஜிபி வரை போகும். முழுப் படத்தையும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டுச் சின்னதாக்கி எல்லோருக்கும் பென்டிரைவில் கொடுக்கலாம். ஆனால் இறக்கிய விஓபி, டாட் எதையும் அழித்துவிடாதே. இரண்டு இடத்தில் வை.

தேவி: (கோப்பு: பூக்குழி, 58 எம்பி)

பகல் 12:10

தேவி: பாட்டி ஐந்து தடவை பார்த்துவிட்டார். தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘அந்தப் பால்குழிக்குப் பக்கத்தில் குடத்தோடு நிற்கிற பையன் யார், பாலைக் கீழே சிந்துகிறானே’ என்று கேட்கிறார். 3ஆம் நிமிடம், வலது ஓரம். யாருக்காவது தெரியுமா?

சரசு அத்தை: சுருட்டை முடி, ஒல்லி. ஸ்டோர்காரர் மகனா?

கலா அக்கா (ஜொகூர்): அவன் இவ்வளவு உயரம் இல்லையே.

கிராணி மாமா: அது நான்தான்.

மணி சித்தப்பா: முடியோடா? மாமா, 352 புள்ளியில் அதெல்லாம் நம்ப முடியாது.